செல்வ மேலாண்மைப் பணியில் சேருபவர் முதலில் எதைக் கற்க வேண்டும்?

கேள்வி இதுதான்: வணிகவியலில் பட்டம் பெற்ற ஒருவர், செல்வ மேலாண்மை நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெறும் ஊழியராகச் சேரவிருக்கிறார். தொடக்கப் பயிற்சியில் என்னென்ன சொல்லித்தருவார்கள், அவற்றில் எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும், எந்தச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம், கணக்கில் சுமாராகவும் பேச்சில் கூச்சத்தோடும் இருப்பது இந்த வேலைக்குத் தடையாகுமா என்று கேட்டிருக்கிறார். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பெரும்பாலான பயிற்சி அட்டவணைகள் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கும். முதலில் நிறுவனத்தின் அறிமுகம்; அடுத்து பங்கு, கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு என்று முதலீட்டுத் திட்டங்களின் வகைகள்; பிறகு சந்தை எப்படி இயங்குகிறது என்பது; அதன் பின் சட்ட விதிகள்; கடைசி இரண்டு நாட்களில், நேரம் மிச்சமிருந்தால், வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. முதலில் மனிதரையும் அவருடைய கடமைகளையும், அடுத்து அந்தக் கடமைகளுக்கான தேதிகளையும் தொகைகளையும், பிறகு கணக்கை, பிறகு சந்தையை, எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திட்டங்களைப் படிப்பதே சரியான வரிசை. நிறுவனத்தின் அட்டவணையை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் குறிப்பேட்டின் வரிசையை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வேலை எதுவென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். பங்குத் தரகர் வாடிக்கையாளர் சொல்லும் பங்கை வாங்கிக் கொடுக்கிறார்; நிதி மேலாளர் ஒரு நிதியில் சேர்ந்த பணத்தை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்காக, ஒரே கொள்கையின்படி முதலீடு செய்கிறார். செல்வ மேலாளரோ ஒரு குறிப்பிட்ட மனிதரின் அல்லது குடும்பத்தின் மொத்தப் பொருளாதார வாழ்க்கையையும் ஒரே தாளில் பார்க்க வேண்டியவர். வருமானம், செலவு, கடன், முதலீடு, காப்பீடு, வரி, ஓய்வுக்காலம், அடுத்த தலைமுறைக்குச் சொத்து போய்ச் சேரும் வழி ஆகிய அனைத்தும் அந்தத் தாளில் இருக்கும். இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசையும் என்பதால்தான் இது தனியான ஒரு தொழிலாக இருக்கிறது.

எனவே நீங்கள் முதலில் எழுதிப் பழக வேண்டியது அந்தத் தாளைத்தான். இடப்பக்கம் சொத்துகள், வலப்பக்கம் கடன்கள், அடியில் நிகர மதிப்பு. வணிகவியல் படித்தவருக்கு இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் எழுதப்படாத பல விஷயங்கள் ஒரு குடும்பத்தின் தாளில் வந்தாக வேண்டும். பயிற்சி வகுப்பில் நான் கொடுக்கும் ஒரு மாதிரி வழக்கைச் சொல்கிறேன். ஐம்பத்து நான்கு வயதுத் தொழில்முனைவர் ஒருவர், வாகன உதிரி பாகங்கள் செய்யும் நிறுவனம் நடத்துகிறார். அவருடைய மொத்தச் சொத்தில் எண்பது சதவீதம் அந்த நிறுவனத்தின் பங்குகள். பத்து சதவீதம் வீடு. எஞ்சிய பத்து சதவீதம் வங்கி வைப்பு. அந்த வைப்பை என்ன செய்யலாம் என்பது கேள்வி. வழக்கின் இரண்டாம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில், நிறுவனம் வாங்கியிருக்கும் கடனுக்கு அவர் தனிப்பட்ட முறையில் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று ஒரு வரி இருக்கும்.

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு, ஓய்வுக்கு இன்னும் பத்தாண்டு இருக்கிறது, வைப்புப் பணம் பணவீக்கத்தில் கரைகிறது, ஆகவே அறுபது சதவீதத்தைப் பங்குகளில் போடலாம் என்று நேர்த்தியான வட்ட வரைபடத்தோடு வந்து நிற்பார்கள். ஒரு முறை ஒருவர், வாடிக்கையாளருக்கு நன்கு தெரிந்த துறை என்ற காரணத்தைச் சொல்லி, வாகனத் துறைப் பங்குகளில் மட்டும் முதலீடு செய்யும் நிதியொன்றையே பரிந்துரைத்தார். அந்தத் துறை சரிந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்: நிறுவனத்தின் மதிப்பு விழும், அவருடைய மாத வருமானம் நிற்கும், கடன் கொடுத்த வங்கி அந்த உத்தரவாதக் கையெழுத்தைக் காட்டி அவர் வீட்டுக் கதவைத் தட்டும், அதே வாரத்தில் அந்த நிதியும் பாதியாகியிருக்கும். அந்தப் பத்து சதவீத வைப்பின் வேலை வளர்வது அன்று; மற்ற தொண்ணூறும் விழும் நாளில் விழாமல் நிற்பது. இது புரிந்த பிறகு எந்தத் திட்டம் என்பது அரை மணி நேரத்து வேலை. இது புரியாமல் திட்டங்களை மனப்பாடம் செய்தவர், அறிந்தே தீங்கு செய்பவரை விட ஆபத்தானவர். ஏனெனில் தாம் உதவி செய்வதாகவே அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

தாளில் அடுத்து வர வேண்டியவை தேதிகள். ‘மகள் படிப்பு’ என்பது ஒரு குறிக்கோள் அன்று. இன்னும் 26 மாதத்தில் இவ்வளவு தொகை, அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தொகை என்பதே குறிக்கோள். ஒவ்வொரு கடமைக்கும் தேதி, தொகை, எந்த அளவுக்கு அது தவிர்க்க முடியாதது என்ற மூன்றையும் எழுதுங்கள். தவிர்க்க முடியாததும் அருகில் இருப்பதுமான கடமைக்குரிய பணம் பங்குச் சந்தையின் பக்கம் போகக் கூடாது. தொலைவில் இருப்பதற்கும் தள்ளிப்போடக் கூடியதற்கும் உரிய பணம் போகலாம். சொத்து ஒதுக்கீடு (எந்த வகை முதலீட்டில் எவ்வளவு வைப்பது) என்று பாடநூல்கள் பல அத்தியாயங்களில் சொல்வதன் பெரும்பகுதி இந்தப் பட்டியலிலிருந்து தானாகவே வந்துவிடும்.

இனி கணக்கு. நீங்கள் அஞ்சும் அளவுக்கு இதில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. சதவீதம், கூட்டு வட்டி, விரிதாளில் ஒரு சூத்திரத்தை இழுத்து நிரப்பும் பழக்கம் ஆகியவை போதும். ஆனால் சில கணக்குகளை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறக்குறைய கிடைக்கும். அதே கணக்கின்படி, ஆண்டுக்கு 6 சதவீதப் பணவீக்கம் இருந்தால் 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் திறன் பாதியாகும். 50 சதவீதம் விழுந்த முதலீடு பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் 100 என்ற தொகை 30 ஆண்டுகளில் 761 ஆகும். ஆண்டுதோறும் 1 சதவீதம் கட்டணமாகப் போய், நிகரமாக 6 சதவீதமே வளர்ந்தால் அது 574 ஆகும். ஒரு சதவீதம் என்று சொன்னது, முடிவில் மொத்தத் தொகையில் ஏறக்குறைய கால் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதிதான் உங்கள் சம்பளம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் தரும் அந்தக் கால் பங்குக்கு ஈடாக நாம் என்ன தருகிறோம் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்தத் தொழிலில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

பயிற்சியில் பெரும்பாலும் மேலோட்டமாகக் கடந்துபோகும், ஆனால் ஓய்வு பெற்றவர்களின் விஷயத்தில் மிக முக்கியமான ஒரு கணக்கு உண்டு: வருவாய் வரும் வரிசை. ஒருவரிடம் 100 இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் முதலாண்டு 20 சதவீதம் ஏற்றம், இரண்டாம் ஆண்டு 10 சதவீதம் ஏற்றம், மூன்றாம் ஆண்டு 20 சதவீதம் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை எடுக்காமல் இருந்தால் முடிவில் 105.6 இருக்கும். இதே மூன்றும் தலைகீழ் வரிசையில், இறக்கம் முதலிலும் ஏற்றங்கள் பின்னாலும் வந்தாலும் அதே 105.6 தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் செலவுக்கு 5 எடுப்பவருக்கு, முதல் வரிசையில் 92.2 மிஞ்சும், தலைகீழ் வரிசையில் 88 தான் மிஞ்சும். சராசரி வருவாய் ஒன்றே. ஆயினும் இரண்டு வெவ்வேறு முதுமைகள். மூன்றே ஆண்டுகளில் இந்த வேறுபாடு என்றால், முப்பது ஆண்டு ஓய்வுக்காலத்தில் அது எவ்வளவு பெரிதாகும் என்பதை விரிதாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பின்னர் பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டு போனால் பணம் 30 ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று கண்டது இந்தச் சிக்கலை ஆராய்ந்துதான். அது அமெரிக்கச் சந்தையின் கடந்தகாலத் தரவுகளைக் கொண்டு போட்ட கணக்கு; எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விதியாக அதை ஒப்பிக்கும் பயிற்சி மாணவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சந்தை பற்றிய பாடத்தில் சில ஆண்டுகளையும் சில பெயர்களையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு முதலீட்டின் ரிஸ்க்கைத் தனியாகப் பார்க்கக் கூடாது, தொகுப்பில் உள்ள மற்றவற்றோடு சேர்ந்து அது எப்படி நடந்துகொள்கிறது என்றே பார்க்க வேண்டும் என்பதை 1952இல் கணித வடிவில் நிறுவியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். அதற்காக 1990இல் வில்லியம் ஷார்ப், மெர்ட்டன் மில்லர் ஆகியோருடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேலே சொன்ன உதிரி பாகத் தொழில்முனைவரின் கதை மார்க்கோவிட்ஸின் பாடம்தான், சூத்திரம் இல்லாமல். தீவிரமாக வாங்கி விற்கும் முதலீட்டாளர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், செலவுக்கு முன் அவர்கள் பெறுவது சந்தையின் சராசரியே, செலவு போக அதற்கும் குறைவே என்று 1991இல் ஷார்ப் மூன்று பக்கங்களுக்குள் எழுதிக்காட்டினார். இதை மறுத்துப் பேசும் விற்பனைக் கூட்டங்களில் நீங்கள் உட்கார நேரும். மறுப்பைக் கேட்கும் முன் மூலக் கூற்றைத் தெரிந்துவைத்திருங்கள்.

கடன் பத்திரம் பாதுகாப்பானது என்ற ஒற்றை வரியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வட்டி விகிதம் ஏறினால் ஏற்கெனவே வெளியான பத்திரத்தின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்லும் அளவுகோல் டியூரேஷன். டியூரேஷன் 7 உள்ள பத்திரத் தொகுப்பு, வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் ஏறக்குறைய 7 சதவீதம் விழும். 2022இல் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறக்குறைய 18 சதவீதமும், தரமான பத்திரங்களின் பரந்த குறியீடு ஏறக்குறைய 13 சதவீதமும் ஒரே ஆண்டில் இறங்கின. பங்கு விழுந்தால் பத்திரம் தாங்கும் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த ஆலோசகர்கள் அந்த ஆண்டில் வாடிக்கையாளர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறினார்கள்.

அடுத்தது ரிஸ்க் வினாத்தாள். வாடிக்கையாளரிடம் நீங்கள் முதலில் நீட்டும் படிவம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ‘உங்கள் முதலீடு 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, விற்பேன், காத்திருப்பேன், மேலும் வாங்குவேன் என்று மூன்று கட்டங்கள் கொடுத்திருப்பார்கள். சந்தை ஏறிக்கொண்டிருக்கும் நாளில் எல்லோரும் மூன்றாவது கட்டத்தில்தான் டிக் செய்வார்கள். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்களுக்கு லாபம் தரும் மகிழ்ச்சியை விட அதே அளவு நஷ்டம் தரும் வலி அதிகம் என்று காட்டியது. அந்த வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அவர்களுடைய பிந்தைய மதிப்பீடு. படிவத்தில் அந்த வலி தெரியாது. அதனால் நான் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வது: என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை எஸ் அண்ட் பி 500 குறியீடு 34 சதவீதம் விழுந்தது. மற்ற நாடுகளின் சந்தைகளும் அதோடு சேர்ந்து விழுந்தன. அந்த மார்ச்சில் உங்கள் கணக்கை எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள், எதையாவது விற்றீர்களா, வீட்டில் யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் அவருடைய உண்மையான முகம் தெரிந்துவிடும். இன்னொன்றையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்: நஷ்டத்தைத் தாங்கும் மனம் வேறு, நஷ்டத்தைத் தாங்கும் பண வசதி வேறு. துணிச்சல்காரர் எல்லோரிடமும் வசதி இருப்பதில்லை. வசதி உள்ள பலருக்குத் துணிச்சல் இருப்பதில்லை. இரண்டில் எது குறைவோ, அதையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

சந்திப்பு முடிந்ததும் எழுதும் குறிப்பைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பத்து நிமிடம் பேசினால் அதிகம். என் வகுப்பில் அதற்கு ஒரு வாரம். ‘வாடிக்கையாளரைச் சந்தித்தேன். ரிஸ்க்கை விளக்கினேன். புரிந்துகொண்டதாகச் சொன்னார்.’ இப்படி எழுதினால் அது குறிப்பே அன்று. பின்னால் ஒரு தகராறு வந்தால் உங்களையும் காப்பாற்றாது, அவரையும் காப்பாற்றாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மகளின் மேற்படிப்புக்கு 26 மாதத்தில் பணம் தேவை என்றார். அந்தத் தொகையைப் பங்குகளில் வைக்க வேண்டாம் என்றேன். பாதியையாவது வைக்கலாமே என்று இரண்டு முறை கேட்டார். சந்தை மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். மனைவியிடம் கலந்துவிட்டு வியாழக்கிழமை சொல்வதாகச் சொன்னார்.’ இந்தக் குறிப்பைப் படிக்கும் எவரும், நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகு உங்கள் இடத்தில் வந்து அமர்பவர் உட்பட, அந்த மனிதரைத் தெரிந்துகொள்வார். அவர் ஏன் இரண்டு முறை கேட்டார் என்பதை அடுத்த சந்திப்பில் விசாரிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

சட்ட விதிகளைப் பற்றிய பாடம் சலிப்பூட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989இல் ஜி-7 நாடுகள் பாரிஸில் அமைத்த எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பின் பரிந்துரைகளையே ஏறக்குறைய எல்லா நாடுகளின் சட்டங்களும் பின்பற்றுகின்றன. இதில் புதியவர்கள் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இந்தக் குறிப்பிட்ட தொகை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. இவருடைய மொத்தச் செல்வமும் எப்படிச் சேர்ந்தது என்பது வேறொரு கேள்வி. வீட்டை விற்ற பணம் என்று பத்திரம் காட்டினால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நடுத்தரச் சம்பளக்காரர் ஒருவரிடம் அப்படி நான்கு வீடுகள் எப்படி வந்தன என்பது இரண்டாம் கேள்வி, அதற்கு அந்தப் பத்திரம் பதில் சொல்லாது. வாடிக்கையாளர் அரசியல் செல்வாக்குள்ள பதவியில் இருப்பவராகவோ அவருடைய நெருங்கிய உறவினராகவோ இருந்தால் இரண்டாம் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்டாக வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுவனத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரியிடம் தெரிவியுங்கள். அப்படித் தெரிவித்திருக்கிறோம் என்பதை வாடிக்கையாளரிடம் கசியவிடுவது பெரும்பாலான நாடுகளில் தனிக் குற்றம். வெளிநாட்டில் வரி செலுத்துபவர் என்றால் அவருடைய கணக்கு விவரங்களை வரித்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லும் 2010இன் அமெரிக்கச் சட்டமான ஃபாட்கா, பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2014இல் வெளியிட்ட பொது அறிக்கையிடல் தரநிலை ஆகிய இரண்டின் கீழும் படிவங்கள் உண்டு. வரி, உயில், வாரிசுரிமை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுபடுபவை என்பதால் இங்கே விரிக்கவில்லை. கணக்கில் பதிந்திருக்கும் பெயரும் உயிலில் எழுதியிருக்கும் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் திட்டங்களுக்கு வருகிறோம். எந்தத் திட்டத்தைப் பற்றிய விளக்கக் கூட்டத்திலும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இந்த வருவாயை யார், எதற்காகத் தருகிறார், பணம் யாருடைய காவலில் இருக்கிறது, வெளியேற நினைத்தால் எத்தனை நாளில், எந்த விலையில் வெளியேறலாம். முதல் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓராண்டுக்கு 12 சதவீதம் வட்டி தரும் ஒரு திட்டம் இருக்கிறது; ஒரு குறிப்பிட்ட பங்கின் விலை ஆண்டு முடிவில் தொடக்க விலையின் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும், பணத்துக்குப் பதிலாகத் தொடக்க விலைக் கணக்கில் அந்தப் பங்கையே கொடுத்துவிடுவார்கள். பார்வைக்கு அதிக வட்டி தரும் கடன் பத்திரம். ஆனால் அந்தப் பங்கு பாதியாக விழுந்தால், 100 போட்டவரின் கையில் 50 மதிப்புள்ள பங்கும் 12 வட்டியும் சேர்த்து 62 தான் இருக்கும். பங்கு இரட்டிப்பானாலோ 112க்கு மேல் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பங்கு விழுந்தால் நஷ்டத்தைத் தாம் ஏற்பதாக வாடிக்கையாளர் யாருக்கோ காப்பீடு விற்றிருக்கிறார். வட்டி என்று வருவதில் பெரும்பகுதி அந்தக் காப்பீட்டின் பிரீமியம். இதை இதே சொற்களில் வாடிக்கையாளரிடம் உங்களால் விளக்க முடியாவிட்டால் அந்தத் திட்டத்தை விற்கும் தகுதி உங்களுக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாம் கேள்வியின் அருமை தெரிய வேண்டுமானால் பெரும் முதலீட்டு மோசடி செய்த அமெரிக்கர் பெர்னார்ட் மேடாஃபின் வழக்கைப் படியுங்கள். 2008 டிசம்பரில் கைதாகி, அடுத்த ஆண்டு 150 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய கணக்குகள் மட்டும் மேடுபள்ளம் இல்லாமல் லாபம் காட்டின; வாடிக்கையாளர்களின் சொத்து வெளியார் காவலில் இல்லாமல் அவருடைய நிறுவனத்திடமே இருந்தது; தணிக்கை செய்தது பெயர் தெரியாத மிகச் சிறிய அலுவலகம். இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியக்கூடிய தகவல்களாகவே இருந்தன. கேட்டிருக்க வேண்டியவர்களில் பலர் செல்வ மேலாளர்கள்.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திட்டத்தை விற்பதற்குக் கமிஷன் கிடைக்கும் இடத்தில், ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. பிரிட்டன் 2012 டிசம்பர் 31 முதல், புதிதாகத் தரும் முதலீட்டு ஆலோசனைக்குத் திட்ட நிறுவனங்களிடமிருந்து கமிஷன் பெறுவதைத் தடை செய்தது. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2013இல் அதே திசையில் சென்றன. அமெரிக்கா தடை செய்யாமல், தரகர்கள் வாடிக்கையாளரின் நலனுக்கு உகந்ததையே பரிந்துரைக்க வேண்டும் என்ற விதியை 2020 ஜூன் 30 முதல் நடைமுறைப்படுத்தியது. உங்கள் நிறுவனம் எந்த வழியில் சம்பாதிக்கிறது, உங்கள் ஊக்கத்தொகை எதைப் பொறுத்தது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்கும்போது தயங்காமல் சொல்ல முடியாத ஊதிய முறை என்றால், உங்களுக்கு வேறு நிறுவனம் தேவை என்று பொருள். கமிஷன் முறையில் நேர்மையாக இருப்பவர்கள் உண்டு, எனக்கே சிலரைத் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் இலக்கு எட்டாத நாட்களில் அவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

தேர்வுகளில், உங்கள் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு கட்டாயமாக்கியிருக்கும் உரிமத் தேர்வை முதலில் முடியுங்கள். அதன் பின் பலர் குழம்புவது சி.எஃப்.பி., சி.எஃப்.ஏ. என்ற இரண்டு சான்றிதழ்களில் எது என்பதில். அமெரிக்காவில் 1973இல் முதல் குழு பட்டம் பெற்ற சி.எஃப்.பி., குடும்ப நிதித் திட்டமிடலுக்கானது. தகவல் திரட்டுதல் முதல் மறுஆய்வு வரையிலான முறையும், ஓய்வுக்காலம், காப்பீடு, வரி, வாரிசுரிமை ஆகியவையும் அதன் உயிர். 1963இல் முதல் தேர்வு நடந்த சி.எஃப்.ஏ., மூன்று நிலைகளில் முதலீட்டுப் பகுப்பாய்வை ஆழமாகச் சோதிப்பது. ஒவ்வொரு நிலைக்கும் 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் எதிரில் அமரப்போகிறவருக்கு முதலாவதும், தொகுப்பைக் கட்டும் அறையில் அமரப்போகிறவருக்கு இரண்டாவதும் பொருந்தும். வேலையில் ஓராண்டு கழித்து, இரண்டில் எந்த நாற்காலி உங்களுடையது என்று தெரிந்த பின் பணம் கட்டுவதே நல்லது.

கடைசியாக, பேச்சுக் கூச்சம். மாதிரிச் சந்திப்புகளில் நான் ஒருவரைக் கடிகாரத்தோடு மூலையில் உட்கார வைத்து, பயிற்சி பெறுபவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று அளக்கச் சொல்வேன். கலகலப்பானவர்கள் முப்பது நிமிடத்தில் இருபத்திரண்டு நிமிடம் தாங்களே பேசியிருப்பார்கள். உத்தரவாதக் கையெழுத்து பற்றி அவர்களிடம் எந்த வாடிக்கையாளரும் வாய் திறந்ததில்லை. கூச்சக்காரர்கள் அடுத்த கேள்வியைத் தேடித் தடுமாறும் அந்த மௌனத்தில்தான் அது வெளியே வருகிறது. எனவே உங்களுக்குத் தேவையானது பேச்சுப் பயிற்சி அன்று. மூத்தவர் ஒருவரோடு சந்திப்புகளில் உடன் அமர வாய்ப்புக் கேளுங்கள். வெளியே வந்தவுடன், அவர் எழுதும் முன்பாகவே உங்கள் குறிப்பை எழுதி முடியுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து, அவர் கேட்டு நீங்கள் தவறவிட்டவை எவை என்று சிவப்பு மையில் குறியுங்கள். முதல் சில தாள்கள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். சிவப்பு இல்லாத தாள்கள் தொடர்ந்து நான்கைந்து சேர்ந்ததும், தனியாக ஒரு சந்திப்புக்கு அனுப்பும்படி நீங்களே அவரிடம் போய்க் கேட்கலாம்.